ஏழோடு நிறுத்திய பிள்ளைக்கு ஏன் மார்க் குறைந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் புத்தகப் பையோடு வந்துவிடுவார்கள். நான் ஆசிரியை இல்லை. கணிதத்தில் பி.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி, வீட்டோடு இருப்பவள். காசு வாங்குவதில்லை. பிள்ளைகள் கேட்பதைச் சொல்லிக்கொடுப்பேன், அவ்வளவுதான். போன மாதம் அவர்களில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கேள்வி இது: 97 பகா எண்ணா, பகு எண்ணா? காரணம் கூறுக. இரண்டு மார்க். (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுவது பகா எண், வேறு எண்ணாலும் வகுபடுவது பகு எண்.) அவள் 97-ஐ 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்து, நான்கிலும் மீதி வருவதைக் காட்டி, ‘ஆகவே 97 பகா எண்’ என்று எழுதியிருந்தாள். விடை சரி. ஆனால் சிவப்பு மையில் ஒரு மார்க் குறைத்து, ‘மற்ற எண்களால் வகுத்துப் பார்க்கவில்லை’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது. “அத்தை, ஏழோட நிறுத்தினது தப்பா?” என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள்.

தப்பே இல்லை. அவள் நிறுத்தியது மிகச் சரியான இடம். அதற்குமேல் ஒரு எண்ணால் வகுத்திருந்தாலும் வீண் வேலைதான். ஏன் என்பதை அன்றைக்கே புளியங்கொட்டையை வைத்து அவளுக்குக் காட்டினேன், இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் காரணி என்ற பாடம் முழுதும் பிள்ளைக்குக் கைவசமாகிவிடும்.

36 புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு, மிச்சமில்லாமல் வரிசை வரிசையாக அடுக்கச் சொன்னேன். ஒரே வரிசையாக 36. இரண்டு வரிசையாக வைத்தால் வரிசைக்கு 18. மூன்று வரிசையில் 12, நான்கு வரிசையில் 9. ஐந்து வரிசை வைக்கப் பார்த்தாள், ஒரு கொட்டை மிஞ்சியது, கலைத்துவிட்டாள். ஆறு வரிசையில் ஆறு ஆறாக வந்து சதுரமாக நின்றது. அப்புறம் ஏழும் எட்டும் சரிப்படவில்லை, ஒன்பது வரிசை வைத்தாள், வரிசைக்கு நான்கு வந்தது. வைத்து முடித்ததும் அவளே எழுந்து பக்கவாட்டில் போய் நின்று பார்த்துவிட்டு, “இது பழைய நாலு வரிசைதான் அத்தை, திரும்பி நிக்குது” என்றாள். அதுதான் விஷயம். காரணிகள் ஜோடி ஜோடியாகத்தான் வரும், ஒன்று பெரிதாகப் பெரிதாக மற்றது சிறிதாகும், சதுரத்தைத் தாண்டிய பிறகு புதிதாக எதுவும் வராது, ஏற்கெனவே பார்த்ததுதான் திரும்பி நிற்கும்.

இப்போது 97-க்கு வாருங்கள். பத்துப் பத்து நூறு. 97 கொட்டையைப் பத்து வரிசைக்கு மேல் வைக்க முடிந்தால் வரிசைக்குப் பத்துக்குக் குறைவாகத்தான் இருக்கும், அதாவது அதன் ஜோடியை நாம் ஒன்பதுக்குள்ளேயே பார்த்திருப்போம். சரி, ஒன்பதுக்குள் 4, 6, 8, 9 இருக்கின்றனவே, அவற்றை ஏன் விட்டாள்? நான்கு வரிசையாக வைக்க முடிகிற கொட்டையை இரண்டு வரிசையாகவும் வைக்கலாம். இரண்டாகவே வைக்க முடியவில்லை என்றால் நான்கு, ஆறு, எட்டு எதுவும் நடக்காது. மூன்று நடக்காதபோது ஒன்பதும் நடக்காது. மிச்சம் இருப்பது 2, 3, 5, 7 மட்டும். பதினொரு வயதுப் பெண் சரியாக அந்த நான்கை மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறாள். அதற்கு இரண்டு மார்க்குக்கு மேலேயே கொடுக்கலாம் என்பேன்.

இத்தனைக்கும் இது அவர்கள் பாடத்திலேயே இருக்கிற விஷயம். எரட்டோஸ்தனிஸ் சல்லடை என்று 1 முதல் 100 வரை கட்டம் போட்டு, 1-ஐ விட்டுவிட்டு, 2-ன் மடங்குகளை அடித்து, 3-ன் மடங்குகளை அடித்து, அப்புறம் 5, அப்புறம் 7 என்று அடித்துக்கொண்டே வந்தால் அடிபடாமல் நிற்கும் 25 எண்கள்தான் நூறுக்குள் இருக்கும் பகா எண்கள். ஏழோடு ஏன் நிறுத்துகிறோம்? 11-ன் மடங்குகளை அடிக்கப் போய்ப் பாருங்கள். 22, 33, 44, 55, 66, 77, 88, 99, எல்லாமே முன்பே அடிபட்டிருக்கும். சல்லடையில் ஏழோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, பரீட்சையில் ஏழோடு நிறுத்தியவளுக்கு மார்க்கைக் குறைத்தால் பிள்ளை எதை நம்பும்?

அந்த ஆசிரியர்மீது எனக்குக் கோபம் இல்லை. கட்டுக் கட்டாகத் தாளைத் திருத்துகிறவர்களுக்கு விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் கண்ணில் படும். என் கவலை அதற்கு அடுத்து நடந்தது. அடுத்த தேர்வில் 83 வந்தது. நிறுத்தவேண்டிய இடம் இவளுக்கு நன்றாகத் தெரியும், இங்கேயும் ஏழோடு போதும். ஆனால் மார்க் போய்விடுமோ என்ற பயத்தில் 2, 3, 4, 5 என்று வரிசையாக 41 வரை வகுத்து எழுதியிருக்கிறாள், இரண்டு பக்கம் நிறைய. மார்க் முழுதாகக் கிடைத்தது, ஆனால் கடைசி இரண்டு கேள்விக்கு நேரமில்லாமல் மணி அடித்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்தையும் நான் பார்த்தேன். தெரிந்ததைத் தெரியாதமாதிரி எழுதப் பழகிவிட்டாளே என்று மனசு கேட்கவில்லை.

அந்தத் திண்ணைக் கொட்டைகளிலிருந்து இன்னொரு கேள்வியும் வந்தது. 13 கொட்டையை எப்படி அடுக்கினாலும் ஒற்றை வரிசைதான், இந்த மாதிரி எண்தான் பகா எண் என்றதும் ஒரு பையன், “அப்ப ஒரு கொட்டையும் ஒத்தை வரிசைதானே, 1 ஏன் பகா எண் இல்லை?” என்றான். நோட்டில் ‘1 பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று’ என்று எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறான், மனப்பாடமாகச் சொல்கிறான், காரணம் மட்டும் யாரும் சொல்லவில்லை. காரணம் எளிது. 12-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2, 2, 3, எந்த வழியில் உடைத்தாலும் கடைசியில் இந்த மூன்றுதான் கையில் நிற்கும். எந்த எண்ணை எடுத்தாலும் இப்படி ஒரே ஒரு உடைப்புதான் என்பது எண் கணிதத்துக்கே அஸ்திவாரம். 1-ஐயும் பகா எண் என்று சேர்த்துக்கொண்டால் 12 என்பது 1, 2, 2, 3 ஆகும், 1, 1, 2, 2, 3 என்றும் ஆகும், முடிவே இருக்காது. அதனால் 1-ஐத் தனியாக எடுத்து வைத்தார்கள். ஒரு காலத்தில் 1-ஐயும் சேர்த்தவர்கள் உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் டி. என். லேமர் 1914-ல் வெளியிட்ட பெரிய பகா எண் பட்டியல் 1-லிருந்துதான் தொடங்குகிறது. இதைச் சொன்னதும் அந்தப் பையன் முகம் மாறியதைப் பார்க்கவேண்டும். தன் சந்தேகம் பெரிய பெரிய ஆட்களுக்கும் இருந்த சந்தேகம்தான் என்று தெரிந்ததில் அவ்வளவு சந்தோஷம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கோலத்தைப் பற்றி. என் அம்மா ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். விடியற்காலையில் சாணம் தெளித்துப் புள்ளி வைக்கும்போது நான் பக்கத்தில் மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன். நேர்ப்புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட ஆரம்பித்தால், “நாலுக்கு ஆறு வெச்சா கம்பி ஒண்ணா வராது, அஞ்சுக்கு ஏழு வை” என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், “போட்டுப் போட்டுத் தெரியும்” என்பார். கல்லூரியில் படிக்கும்போதுகூட நான் இதை யோசிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் ஒரு நாள் தரையில் சாக்கட்டியால் போட்டுப் பார்த்தேன்.

எந்தக் கோலம் என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். நேர்ப்புள்ளியாக வரிசை வரிசையாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கம்பி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சாய்வாகப் போய், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்புகிற சாதாரணக் கோலம். நடுவில் நம் இஷ்டத்துக்கு வளைத்தால் கணக்கு மாறிவிடும், ஒரே இழையாக முடிக்க அப்படி வளைப்பவர்கள் உண்டு, அது வேறு. இந்தச் சாதாரணக் கோலத்தில் 4 புள்ளி 6 வரிசை வைத்தால் கம்பி இரண்டாக வரும், கையை எடுக்காமல் ஒரு கம்பியை முடித்தால் பாதிக் கோலம்தான் ஆகியிருக்கும். 5 புள்ளி 7 வரிசைக்கு ஒரே கம்பி. 6 புள்ளி 9 வரிசைக்கு மூன்று. 5 புள்ளி 5 வரிசைக்கு ஐந்து. பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எண்ணிக்கொண்டே வந்து, எட்டாவது கோலத்தில் அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள்: கம்பியின் எண்ணிக்கை, புள்ளிக்கும் வரிசைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்!

இது தற்செயல் இல்லை, காரணமும் கோலத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு சின்னச் சாய்வுத் துண்டுகள் இருக்கும். 4 புள்ளி 6 வரிசை என்றால் 24 புள்ளி, 96 துண்டு. ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு புள்ளியின் அகலத்தைக் கடக்க இரண்டு துண்டு, ஆக நான்கு புள்ளியைக் குறுக்கே கடந்து திரும்பிவர 16 துண்டு. ஆறு வரிசையை மேலே ஏறி இறங்கிவர 24 துண்டு. புறப்பட்ட இடத்துக்கே, புறப்பட்ட திசையிலேயே திரும்பவேண்டுமானால் 16-க்கும் 24-க்கும் பொதுவான மடங்கு வரவேண்டும், அது முதலில் 48-ல் வருகிறது. ஒரு கம்பிக்கு 48 துண்டு போனால் 96-க்கு எத்தனை கம்பி? இரண்டு. 5-க்கு 7 என்றால் 35 புள்ளி, 140 துண்டு. 20-ம் 28-ம் சேருமிடம் 140. ஒரே கம்பி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ‘இரு எண்களின் பெருக்கற்பலன் = மீப்பெரு பொதுக் காரணி × மீச்சிறு பொது மடங்கு’ என்று பெட்டி கட்டி அச்சடித்திருப்பார்களே, அந்தச் சூத்திரம்தான் தினமும் காலையில் வாசலில் மாவாகக் கிடக்கிறது.

பகா எண்ணையும் இதிலேயே பார்க்கலாம். வரிசைக்கு 7 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை, இரண்டு, மூன்று என்று ஆறு வரிசை வரை எத்தனை வைத்தாலும் ஒரே கம்பிதான். ஏழாவது வரிசை வைத்ததும் திடீரென்று ஏழு கம்பி. மறுபடி 8 முதல் 13 வரை ஒரே கம்பி, 14-ல் மீண்டும் ஏழு. 6 புள்ளி வைத்தால் அப்படி இல்லை. இரண்டு வரிசையில் இரண்டு, மூன்றில் மூன்று, நான்கில் இரண்டு, ஐந்தில் ஒன்று, ஆறில் ஆறு. தன்னைவிடக் குறைந்த எந்த வரிசையோடு சேர்ந்தாலும் கம்பி அறுபடாத எண் பகா எண். இதற்கு மேல் எந்த இலக்கணம் வேண்டும்?

பொதுக் காரணி இருந்தால் சீக்கிரம் சேரும், இல்லாவிட்டால் நெடுநாள் ஆகும் என்பதற்குப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன இன்னொரு உதாரணம் பிரபவ முதல் அட்சய வரை வரும் நம் 60 வருஷம். குரு ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு ஏறக்குறைய 30. பெருக்கினால் 360, ஆனால் இரண்டும் பொதுவாகச் சேர 60 போதும், குருவுக்கு ஐந்து சுற்று, சனிக்கு இரண்டு. 12-க்கும் 30-க்கும் 6 பொதுவாக இருப்பதால் வந்த லாபம். அமெரிக்காவில் 13 வருஷத்துக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் சிள்வண்டுக் கூட்டமும், 17 வருஷத்துக்கு ஒருமுறை வெளிவரும் கூட்டமும் உண்டு. அப்படி இரண்டு கூட்டங்கள் 2024-ல் ஒரே ஆண்டில் வந்தன. அதற்கு முன் அந்த இரண்டும் சேர்ந்து வந்தது 1803-ல். நடுவில் 221 வருஷம், 13-ஐ 17-ஆல் பெருக்கிய முழுத்தொகை. இரண்டும் பகா எண்கள், ஒரு வருஷம்கூடக் குறையாது.

இதையெல்லாம் ஆறாம் வகுப்புக்கு எதற்கு என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். எங்கே நிறுத்தலாம் என்ற அந்தப் பெண்ணின் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. இரண்டு இலக்க எண்ணுக்கு ஏழோடு நிறுத்தலாம். நூறு இலக்க எண்ணுக்கு? சதுரம் வரும் இடம் ஐம்பது இலக்கத்தில் இருக்கும், அதுவரை வகுத்துப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆயுள் போதாது. வகுத்துப் பார்க்காமலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், இலக்கம் கூடினாலும் சமாளிக்கக்கூடிய நேரத்துக்குள் பகா எண்ணா என்று எப்போதும் சொல்லிவிட முடியுமா என்பது உலகம் முழுக்க நெடுநாள் கேட்ட கேள்வி. முடியும் என்று 2002 ஆகஸ்டில் காட்டியவர்கள் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வாலும், அவரிடம் படித்து அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு இளைஞர்களும். எந்தப் பிள்ளை அடுத்து எங்கே போகும் என்று நமக்கு என்ன தெரியும்?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வளர்ந்த ராமானுஜன் 1915-ல் எழுதிய நீண்ட கட்டுரை முழுக்கக் காரணிகளைப் பற்றியதுதான். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணி உடைய எண்கள் எவை என்று தேடிப்போனார். 12-க்கு ஆறு காரணி, 24-க்கு எட்டு, 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. இது ஆறாம் வகுப்புப் பிள்ளை புளியங்கொட்டையை வைத்துத் தொடங்கக்கூடிய தேடல். அவர் பிறந்தநாளான டிசம்பர் 22-ஐ நாம் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம், அது மார்கழியில் வருகிறது, வாசலெல்லாம் கோலமாக இருக்கும் மாதம். அன்றைக்குப் பள்ளிகளில் படத்துக்கு மாலை போட்டுப் பேச்சுப் போட்டி வைப்பதோடு, பிள்ளைகளை முற்றத்தில் இறக்கிச் சாக்கட்டியைக் கொடுத்து 6 புள்ளிக்கும் 7 புள்ளிக்கும் கோலம் போட்டு எண்ண விடலாமே.

கல்வித்துறையில் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு சின்ன மாற்றம் கேட்கிறேன். ‘பகா எண்ணா?’ என்ற கேள்வியோடு ‘எந்த எண்ணோடு நிறுத்தினாய், ஏன்?’ என்று ஒரு வரி சேருங்கள், விடைக்குறிப்பிலும் அதற்கு ஒரு மார்க் ஒதுக்குங்கள். காரணத்தோடு நிறுத்திய பிள்ளைக்கும், பயந்துபோய் 41 வரை வகுத்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் திருத்துகிறவருக்கு அப்போதாவது தெரியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மார்கழி முழுவதும் வாசகிகள் அனுப்பும் கோலங்களைப் போடும்போது கீழே ‘15 புள்ளி, 9 வரிசை, நேர்ப்புள்ளி’ என்று குறிப்புக் கொடுப்பது வழக்கம்தானே. நான் மேலே சொன்ன சாதாரணச் சிக்குக் கோலம் வருகிற நாளில் மட்டும், அந்தக் குறிப்போடு ‘எத்தனை கம்பி?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்து, விடையை மறுநாள் போடுங்கள். எங்கள் திண்ணைப் பிள்ளைகள் போட்டு எண்ணிவைத்த கோலங்கள் முப்பதுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் சுத்தமாக வரைந்து அனுப்பிவைக்கிறேன். முதல் கோலம் அந்தப் பெண்ணுடையது, 11 புள்ளி 7 வரிசை, இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து கையெடுக்காமல் போட்டாள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கும்பகோணம்.